கதவுள்ள பங்கு

சாலிசே கோட்டையின் வடக்குத் தெருவில் நாலாவது வீட்டு நிலைக்காலில் சிவப்புச் சாயத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ‘தளபதி ஜெமெல்லஸ், பெரும்படை.’ எழுதி இருபத்தாறு வருடம் ஆகிறது. அந்தத் தளபதி இப்போது எந்த மண்ணுக்கடியில் கிடக்கிறாரோ, யாருக்கும் தெரியாது. அவர் பெயர் மட்டும் நேற்று எழுதியது போலப் பளிச்சென்று இருக்கிறது.

அந்த வீட்டுக்காரி சூரில்லா போன மாதம் கண்ணை மூடினாள். அவளைப் பற்றி நான் எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். அவளால்தான் என் கணவரை இழந்தேன். அவளால்தான் இன்று உயிரோடும் இருக்கிறேன். இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் சுமப்பவள் நான். என்னைவிட்டால் வேறு யார் சொல்வது?

சூரில்லா பிறந்தது, வளர்ந்தது, மணந்தது எல்லாம் இந்தக் கோட்டைக்குள்தான். அப்பா ரோந்துப் படகில் துடுப்புப் போட்டவர். பதினாறு வயதில் காவல் கோபுரத்து டாசியஸைக் கைப்பிடித்தாள். மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண். வேர்சோ, டீத்தஸ், கடைசியாக லூப்பியோ. சிப்பாய் மகன் சிப்பாய்தான். அதில் கேள்வியே கிடையாது. வயது வந்ததும் கையில் பச்சை குத்திப் பெயரைப் பதிந்துவிடுவார்கள்.

டான்யூப் கரையில் கோட்டைக்குக் கோட்டை நிற்கும் எங்களுக்குக் கரைப்படை என்று பெயர். பேரரசர் போகும் இடமெல்லாம் கூடவே நடப்பது பெரும்படை. அவர்களுக்கு நல்ல இரும்புத் தொப்பி, நல்ல பன்றி இறைச்சி, நல்ல பெயர். எங்களுக்குத் தினைக் கஞ்சி, புகையில் வாட்டிய மீன், மூட்டுவலி. ‘கோழி மேய்க்கிற படை’ என்று எங்களைக் கேலி செய்வார்கள். ஆனால் ஆள் குறைந்தால் மட்டும் அந்தக் கோழிக்கூட்டுக்குத்தான் கையை நீட்டுவார்கள்.

சூரில்லா எப்படிப்பட்டவள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஒரு வருடம் கிடங்கிலிருந்து வந்த உலர் ரொட்டி முழுக்க வண்டு. மற்றவர்கள் முனகிக்கொண்டே தட்டி உதிர்த்துத் தின்றார்கள். இவள் மட்டும் ஒரு மடி நிறைய ரொட்டியைக் கட்டிக்கொண்டு கிடங்குக்காரர் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, ரொட்டி நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“ஒண்ணுமில்ல. நல்ல ரொட்டி மூணு இருக்கு. என் கண்ணு முன்னால சாப்பிடுங்க. நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடறேன்.”

ஊரே கூடிவிட்டது. அவர் ஒன்றைத் தின்றார். இரண்டாவதில் பாதி தாண்டவில்லை. மறுநாளே புது மூட்டைகள் வந்தன. அவள் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. அவர் சொன்ன சொல்லையே எடுத்து அவர் முன்னால் வைத்தாள், அவ்வளவுதான். அதுதான் அவள் ஆயுதம்.

ஆனால் விதி அவளை விடவில்லை. டாசியஸ் பனி வழுக்கிக் கோபுரத்திலிருந்து விழுந்து செத்தார். பெரும்படைக்கு ஆள் பிடிக்க முதல் முறை வந்தபோது வேர்சோவைக் கூட்டிப்போனார்கள், கிழக்கே பாரசீகப் போருக்கு. அவனைப் பற்றி அப்புறம் ஒரு சொல்கூட வரவில்லை. இரண்டாம் முறை டீத்தஸ், மேற்கே ரைன் ஆற்றுக்கு. இரண்டு வருடம் கழித்து அவனுடைய இடுப்புவாரின் பித்தளைக் கொக்கி மட்டும் வந்தது. அந்தக் கொக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அழவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

மிச்சம் லூப்பியோ. ரோந்துப் படகின் சுக்கான் அவன் கையில். கோட்டையிலேயே உயரமானவன், தன் வீட்டு நிலைப்படியில் தலை குனியாமல் நுழைய முடியாது. குனிய மறந்து வாரம் ஒரு முறை நெற்றியை இடித்துக்கொள்வான்.

இந்த நிலையில்தான் மூன்றாம் முறை வந்தார்கள்.

நவம்பர் மாதம். மழையும் பனியும் கலந்து ஊசி ஊசியாய்க் கொட்டிய நாள். பெரும்படையின் முந்நூறு பேரோடு தளபதி ஜெமெல்லஸ் கோட்டைக்குள் நுழைந்தார். கூடார வண்டிகள் சேற்றில் மாட்டி இரண்டு நாள் தூரம் பின்தங்கிவிட்டன. ஆகவே எல்லோருக்கும் எங்கள் வீடுகளிலேயே தங்கல். சிவப்புச் சாயச் சட்டியோடு ஒருவன் தெருத் தெருவாய்ப் போய், எந்த வீட்டில் யார் என்று நிலைக்காலில் எழுதினான். கோட்டைத் தலைவர் பாசினஸின் வீட்டுக் கூரை முந்திய புயலில் விழுந்து கிடந்தது. அதனால் ஊரிலேயே நல்ல அடுப்பு உள்ள சூரில்லாவின் வீடு தளபதிக்கு என்று ஆயிற்று.

எழுதி முடித்ததும் எங்களை மைதானத்தில் கூட்டினார்கள். ஜெமெல்லஸ் ஒரு வண்டிமேல் ஏறி நின்று படித்தார். சட்டம் படிப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் இந்த முறை அதில் ஒரு பயமும் கலந்திருந்தது. அந்தக் கோடையில் ஆற்றின் மேல்பக்கம் வேறொரு கோட்டையில் ஒரு தளபதியின் ஆட்கள் வீடு புகுந்து உரிமைக்கு மீறி இடம் பிடித்தார்கள். புகார் பேரரசர்வரை போய், அந்தத் தளபதி பதவி இழந்தார். அந்தச் செய்தி ஆறு முழுக்கப் பரவியிருந்தது.

“நல்லாக் கேட்டுக்கங்க. வீட்டை மூணாப் பிரிக்கணும். முதல் பங்கை வீட்டுக்காரங்க எடுத்துக்கலாம். ரெண்டாவது பங்கை விருந்தாளியா வர்ற சிப்பாய் தேர்ந்தெடுப்பான். மூணாவது பங்கும் வீட்டுக்காரங்களுக்கே. விறகு, எண்ணெய், படுக்கை எதையும் எங்காளுங்க கேக்க மாட்டாங்க. எழுதின பேரை அழிச்சா, அரசாங்க எழுத்தைத் திருத்தின குற்றம். அதே மாதிரி தன் பங்குக்கு மேல ஒரு அடி வச்சவன், அது நானாவே இருந்தாலும், பதவி போயிடும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு!”

முன்வரிசையில் நின்ற சூரில்லா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். என் பக்கத்தில்தான் நின்றாள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஆறு மாதம். வயிற்றில் இரண்டு மாதம்.

பிறகு ஜெமெல்லஸ் இரண்டாவது தாளைப் பிரித்தார். இந்தக் கோட்டையின் எண்பத்தொரு பேரில் ஐந்தடி ஏழு அங்குலமும் அதற்கு மேலும் உள்ள நாற்பது பேர் பெரும்படைக்கு மாற்றம். நாளை மறுநாள் புறப்பாடு. ஐந்தாம் நாள் சிர்மியம் நகரில் இருந்தாக வேண்டும்.

எல்லாக் கண்களும் எல்லோர் தலைக்கும் மேலே தெரிந்த ஒரு தலையைப் பார்த்தன. லூப்பியோ!

வீடு திரும்பும் வழியில் அவன் அம்மாவின் கையைப் பிடித்தான்.

“அம்மா, விடும்மா. சண்டை போடாதே. நாப்பது பேருல நானும் ஒருத்தன்.”

“நாப்பது அவங்க கணக்குடா. என் கணக்கு மூணு. அதுல ரெண்டு குடுத்தாச்சு.”

“எதிர்த்தா கொன்னுடுவாங்கம்மா.”

“யாரு எதிர்க்கப் போறா? சட்டம் படிச்சாருல்ல? நான் அப்படியே நடக்கப் போறேன்.” என் பக்கம் திரும்பினாள். “சவீனா, உங்க வீட்டுல வலைக்கயிறு இருக்கா?”

“இருக்கு. எதுக்கக்கா?”

“விருந்தாளி வராரு இல்ல? வீட்டை ஒழுங்கு பண்ணணும்.”

நானும் அவளும் கயிற்றைக் கட்டினோம். அவள் வீடு ஒரே அறைதான். தெருப்பக்கம் கதவு, நடுவில் அடுப்பு, பின்னால் பன்றிக்கொட்டிலைப் பார்த்த ஒரு சின்ன ஜன்னல். அறையின் குறுக்கே இரண்டு கயிறுகள். முன்பக்கம் ஒரு பங்கு, நடுவில் ஒரு பங்கு, பின்பக்கம் ஒரு பங்கு. காலடி வைத்து வைத்து அளந்தாள். அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜெமெல்லஸ் இரண்டு காவலர்களோடு வந்தார். கூடவே எங்கள் தலைவர் பாசினஸ், கையைப் பிசைந்துகொண்டு. இன்னொருவரும் வந்தார். கரைப்படைத் தலைமையகத்து எழுத்தர், ஒல்லியான மனிதர். எங்கள் ஆற்றுக்குத் தலைமை வேறு, பெரும்படைக்குத் தலைமை வேறு. ஒருவர் செய்யும் தவறை மற்றவர் பேரரசருக்கு எழுதி அனுப்பக் காத்திருப்பார். அந்த எழுத்தர் மீன் கருவாட்டை மென்றுகொண்டே எழுதுகோலைத் தயாராக வைத்திருந்தார்.

“என்ன இது கயிறு?” என்றார் ஜெமெல்லஸ்.

“மூணு பங்குங்க ஐயா. வேணும்னா அளந்து பாத்துக்கங்க.”

அவர் சிரித்துவிட்டார். “பாத்தீங்களா பாசினஸ், உங்க ஊருல ஒரு பொம்பளைக்காவது சட்டம் புரிஞ்சிருக்கு. சரி, முதல் பங்கு உன்னுது. எது வேணும்?”

“வாசப்பக்கம்.”

ஜெமெல்லஸ் தலையை நீட்டி உள்ளே பார்த்தார். நடுவில் அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் ஈரமும் பன்றி நாற்றமும். குளிரில் அவர் மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

“நடுப் பங்கு எனக்கு. அடுப்போட சேத்து. எழுதிக்க” என்று எழுத்தரிடம் சொன்னார்.

“எழுதியாச்சு” என்றார் எழுத்தர்.

“அப்ப மிச்சம் இருக்கிற பின்பங்கு என்னுது” என்றாள் சூரில்லா.

“வச்சுக்க, வச்சுக்க.” காவலர்கள் சிரித்தார்கள். ஜெமெல்லஸ் உள்ளே காலை எடுத்து வைக்கப் போனார். சூரில்லா வாசலில் நின்றாள். நகரவில்லை.

“எங்கங்க போறீங்க?”

“என் பங்குக்கு.”

“என் பங்கை மிதிச்சா?”

ஒரு கணம் அவருக்கு விளங்கவில்லை. குனிந்து கயிற்றைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகம் மாறிற்று.

“வழி விடு.”

“வழியா? நீங்க படிச்சப்ப நான் முன்னாலதானே நின்னேன். பங்கு வந்துச்சு, விறகு வந்துச்சு, படுக்கைகூட வந்துச்சு. வழின்னு ஒரு வார்த்தை வரலையே?”

“பின்னாடி ஜன்னல் இருக்கு.”

“அதுவும் என் பங்கு. இப்பத்தான் குடுத்தீங்க. ஆனா ஒண்ணு. அடுப்புக்கு நேர் மேல கூரையில புகை போற ஓட்டை இருக்கு பாருங்க, அது முழுசா உங்களோடது. அந்த வழியா எப்ப வேணா வாங்க. நான் கேள்வியே கேக்க மாட்டேன்.”

தெருவில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், தெரு முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது.

“தள்ளிட்டு உள்ள போயிடலாம் ஐயா” என்று ஒரு காவலன் வாள்பிடியில் கை வைத்தான். ஜெமெல்லஸின் கண் எழுத்தர்மேல் போயிற்று. எழுத்தர் கருவாட்டை விழுங்கிவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்: “எத்தனை அடி வச்சீங்கன்னு எழுதட்டுங்களா ஐயா?”

ஜெமெல்லஸ் காலைப் பின்னால் எடுத்தார்.

அந்த ஒரு காலடிதான் எங்கள் வாழ்க்கையை மாற்றியது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள். வலைக்கயிறு, ஆடு கட்டும் கயிறு, துணி காயப்போடும் கயிறு! நண்பகலுக்குள் கோட்டையின் எல்லா வீட்டிலும் குறுக்கே கயிறு. எல்லா வீட்டிலும் முதல் பங்கு வாசப்பக்கம். நானும் என் வாசலில் நின்றேன். என் கணவர் வியாத்தர் சுவரோரம் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். குள்ளமான, உருண்டையான மனிதர் அவர். சிரித்தால் முழு உடம்பும் சிரிக்கும்.

முந்நூறு பேரும் தெருவில், கொட்டும் பனியில். பதவி போன தளபதியின் கதை அவர்களுக்கும் தெரியும். ஒருவனும் உள்ளே வரத் துணியவில்லை.

“யக்கா, நானும் கூரை வழியா வரட்டுமா?” என்று ஒருவன் கேட்டான்.

“வாயேன். நேரா கஞ்சிப் பானைக்குள்ள விழுவ. எலும்பு சூப்பு ஆயிடும்.”

“எங்கிட்ட எலும்பு மட்டுந்தான் மிச்சம், பரவால்லையா?”

சிரித்துக்கொண்டே பல் கிட்டி நடுங்கினான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அதைப் பார்த்த சூரில்லாவின் முகம் கலங்கிற்று. டீத்தஸின் வயதுதான் அவனுக்கும்.

“ஏய், எல்லாரும் கேளுங்க!” என்று தெருவே கேட்கக் குரல் கொடுத்தாள். “வெளிய நிக்கிறவனும் யாரோ பெத்த பிள்ளைதான். கஞ்சி குடுங்க. கம்பளி குடுங்க. வழி மட்டும் குடுக்காதீங்க!”

அப்படியே செய்தோம். அந்தப் பிள்ளைகள் சூடான கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களைக் கும்பிட்டார்கள். எதிரிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே எதிர்த்து நின்ற ஊர் எங்கள் ஊர்.

மறுநாள் காலை ஜெமெல்லஸின் ஆட்களில் நாற்பது பேருக்குக் காய்ச்சல். வண்டிகள் இன்னும் வரவில்லை. சிர்மியத்துக்கு நாள் நெருங்குகிறது. அவர் சூரில்லாவைக் கோட்டை வாசலுக்கு அழைத்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். அவர் குரல் கரகரத்துப் போயிருந்தது.

“உனக்கு என்னதான் வேணும்?”

“எனக்கு மூணு பிள்ளைங்க ஐயா. ரெண்டு பேரைப் பெரும்படை கூட்டிட்டுப் போச்சு. திரும்பி வந்தது ஒரு கொக்கி. மூணுல ஒண்ணுதானே விருந்தாளிக்கு? ஏற்கெனவே ஒண்ணு அதிகமா எடுத்துட்டீங்க.”

“அது வீட்டுக்கான சட்டம். பிள்ளைங்களுக்கு இல்ல.”

“பிள்ளை இல்லாம அது என்னங்க வீடு?”

அவர் ஓரடி அவள் பக்கம் நெருங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சரி. உன் மகனை விட்டுடறேன். ஆளைக் காட்டு, விட்டுட்டேன்னு எழுதித் தரேன். இப்பவே கயித்தை எல்லாம் அவுக்கச் சொல்லு.”

அவள் கேட்டது கிடைத்துவிட்டது! மூன்றாவது பிள்ளை, கடைசிப் பிள்ளை, கைக்கெட்டும் தூரத்தில். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். எந்தத் தாய்தான் சொல்லமாட்டாள்? லூப்பியோ எங்களோடு நின்று தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சூரில்லா திரும்பி எங்களைப் பார்த்தாள். கயிறு பிடித்துப் பிடித்துக் கன்றிப்போன எங்கள் கைகளைப் பார்த்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியதை அன்றுதான் முதல்முறை கண்டேன்.

“எனக்கு மட்டும் வேணாங்க ஐயா” என்றாள். “அடுத்த மாசம் ஆறு உறையும். அக்கரைக்காரன் குதிரையோட பனிமேல நடந்து வருவான். நாப்பத்தொரு பேரை வச்சு நாலு சுவரைக் காக்க முடியாது. எண்பத்தொண்ணுல மூணுல ஒண்ணு இருபத்தேழு. அதுக்கு மேல ஒரு ஆள் கிடையாது. முதல்ல எடுக்கறது வீட்டுக்காரங்க. யாரு நிக்கணும்னு நாங்க சொல்றோம்.”

“சட்டத்தை எனக்கே சொல்லித் தரியா?”

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான். நல்லாப் படிச்சீங்க.”

பாசினஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஜெமெல்லஸ் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் சுருண்டு இருமிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். எழுத்தரைப் பார்த்தார். பிறகு அளவுகோலைக் கொண்டுவரச் சொன்னார்.

போகிறவர்களை எப்படிப் பொறுக்குவது? இதுவரை யாரையும் கொடுக்காத வீடுகளிலிருந்து ஒவ்வொருவர். இதுதான் சூரில்லா வைத்த நியாயம். வாசல் வாசலாய் நின்று ஒரே கேள்வி கேட்டாள். “உங்க வீட்டிலேருந்து யாராச்சும் போயிருக்காங்களா?” என் வாசலுக்கு வந்ததும் அவள் குரல் இறங்கிற்று. என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

“இல்லக்கா.”

வியாத்தர் என் தோளைத் தொட்டார். “நான்தான் அளவே இல்லாத ஆளாச்சே. கோலை வச்சா நானே சிரிச்சுடுவேன். பயப்படாதே” என்றார்.

ஆனால் அன்று அந்தக் கோல் வேறு கணக்குப் பேசியது. ஜெமெல்லஸ் தலைமையிடத்துக்குப் பதில் சொல்லவேண்டும். அளவுள்ளவர்கள் இருபத்தேழு பேர்தான் இந்தக் கோட்டையில் தேறினார்கள் என்றுதான் அவர் எழுத முடியும். முதலில் லூப்பியோ போய் நின்றான். கோல் அவன் காதுக்குக் கீழேயே நின்றது. ஜெமெல்லஸ் அதைப் பார்க்கவே இல்லை.

“ஒரு விரல் குறைவு” என்றார். “அடுத்தவன்.”

வியாத்தர் போய் நின்றார். கோல் அவர் தலைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது.

“சரியான அளவு. எழுதிக்க.”

எழுத்தர் இந்த முறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆற்றுக்கு ஐம்பத்து நாலு பேர் மிஞ்சியதில் அவர் தலைமைக்கு லாபம். உயரமானவன் குள்ளமானான். குள்ளமானவர் உயரமானார். நேர்மையாக அளந்திருந்தால் என் கணவர் என் பக்கத்திலேயே இருந்திருப்பார்! நான் கட்டிய கயிறு, நான் நின்ற வாசல், என் கைகளே அவரை வழியனுப்பின.

மறுநாள் இருபத்தேழு பேரும் புறப்பட்டார்கள். வியாத்தருக்குக் கொடுத்த பெரும்படை மேலங்கி தரையைக் கூட்டிக்கொண்டு போயிற்று. வளைவில் திரும்பி, கையைத் தலைக்குமேல் வைத்து, பார் எவ்வளவு உயரம் என்று காட்டிச் சிரித்தார். அதுதான் நான் பார்த்த கடைசிச் சிரிப்பு.

நான் நேராகச் சூரில்லாவின் வீட்டுக்குப் போனேன்.

“உன் மகன் நிக்கறான், என் புருஷன் போறாரு. நல்லா இருக்குக்கா உன் நியாயம்!”

அவள் தலைகுனியவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. “திட்டுடி. உனக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா நேத்துத் திரும்பி வந்தாலும் அதையேதான் செய்வேன்” என்றாள்.

அவளோடு பேச்சை முறித்தேன். தினமும் காலையில் என் வாசலில் ஒரு கட்டு விறகு இருக்கும். யார் வைத்தது என்று தெரியும். எரிப்பேன், ஆனால் பேசமாட்டேன்.

ஜனவரியில் ஆறு உறைந்தது. ஒரு விடியலில் ஊதுகொம்பு அலறிற்று. அக்கரையிலிருந்து குதிரைகள், பனிமேல் சத்தமே இல்லாமல், நூறா இருநூறா எண்ண முடியவில்லை. ஐம்பத்து நாலு பேர் நாலு சுவருக்கும் பிரிந்தார்கள். கிழக்குச் சுவரில் பன்னிரண்டு பேருக்குமேல் நிறுத்த ஆள் இல்லை. அதில் லூப்பியோ ஒருவன். எதிரிகள் ஏணி சாய்த்தது அந்தச் சுவரில்தான், என் வீட்டுக்கு நேர் பின்னால். நான்கு மாத வயிற்றோடு நான் கல் சுமந்து ஏறினேன். என் முன்னால் ஏறிக்கொண்டிருந்தவள் சூரில்லா. இரண்டு கையிலும் கொதிக்கும் நீர்.

நண்பகலில் அவர்கள் திரும்பிப் போனார்கள். எங்களில் ஆறு பேர் செத்தார்கள். லூப்பியோவுக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. நாற்பது பேரைக் கொடுத்திருந்தால் அந்தச் சுவரில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். என் மகளும் பிறந்திருக்கமாட்டாள். சுவரின்மேல் உட்கார்ந்து தன் மகனின் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்த சூரில்லாவின் அருகில் போய் உட்கார்ந்தேன்.

“அக்கா” என்றேன். இரண்டு மாதத்தில் முதல் சொல்.

“வெறகு பத்துதா?” என்றாள் அவள்.

அவள் மடியில் முகம் புதைத்து அழுதேன்.

இருபத்தேழு பேரில் மூன்று பேர்தான் திரும்பினார்கள். வியாத்தர் திரும்பவில்லை. கூடாரத்தில் அவரோடு இருந்த ஒருவர் சொன்னார்: புதிதாக யார் வந்தாலும் தளபதியைக் கூரை வழியாக வரச்சொன்ன கதையை என் கணவர் நடித்துக் காட்டுவாராம், சாவதற்கு முந்திய நாள்கூட. அதைக் கேட்டுச் சூரில்லா என் கையை விடவே இல்லை.

என் மகள் நடை பழகியது அவள் வீட்டின் வாசல் பங்கில்தான். அந்தக் கயிறுகளை அவள் அவிழ்க்கவே இல்லை. கயிற்றைத் தாண்டித் தாண்டியே குழந்தை நடந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் சூரில்லா சிவப்புச் சாயம் கரைத்து, நிலைக்காலில் இருந்த தளபதியின் பெயரை எழுத்து எழுத்தாய்ப் புதுப்பிப்பாள். ஒருமுறை மேலிடத்து அதிகாரி ஒருவர் ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அதட்டினார்.

“அழிச்சாத்தானே குற்றம் ஐயா? பத்திரமா வச்சுக்கறது குற்றமா? வாசல்வரைக்கும் வந்துட்டு உள்ள வரமுடியாமப் போனவர் பேரு. மரியாதை குடுக்க வேணாமா?”

அவர் அந்தப் பெயரை இன்னொரு முறை படித்துவிட்டுக் குதிரையேறினார்.

கடைசி நாளில் காய்ச்சல் வேகத்திலும் அவள் டீத்தஸின் கொக்கியைக் கையில் பிடித்திருந்தாள். லூப்பியோதான் அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தான். நாற்பத்தாறு வயது, தலையெல்லாம் நரை. அழுதுகொண்டே வந்ததில் குனிய மறந்து நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், “அளவுக்கு ஒரு விரல் குறைஞ்சவன்டா, பாத்து வா” என்றார். அந்தத் துக்கத்திலும் தெருவே சிரித்தது. அவளும் சிரித்திருப்பாள்.

இந்த நவம்பரில் பெயரைப் புதுப்பித்தது நான். ஓர் எழுத்தும் தவறவில்லை.

வசந்தத்தில் பெரும்படைக்கு மறுபடி ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இப்போது இருக்கும் கோட்டைத் தலைவர் நேற்று என் வாசலில் நின்று, “இந்தத் தடவையாவது பிரச்சினை பண்ணாம இருங்கம்மா” என்று கெஞ்சினார்.

“நாங்க எப்பங்க பிரச்சினை பண்ணினோம்? சட்டப்படி வரட்டும்” என்றேன்.

அவர் போனதும் சூரில்லாவின் வீட்டுக்குள் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். உறுதியாகத்தான் இருக்கிறது.